கண்டென்சர் 82 காட்டினால் போதுமா? அதன் தலையில் இருக்கும் ரெசிஸ்டரையும் பாருங்கள்

குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்ட். மோட்டார்கள் வேலை செய்யாமல் சும்மா இழுக்கும் கரண்டைக் கண்டென்சர் வைத்து ஈடுகட்டும் பவர் ஃபேக்டர் பேனலில் நான்கு ஸ்டெப், அதாவது தனித்தனியாகச் சேர்ந்து விலகும் நான்கு கண்டென்சர். ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை கான்டாக்டர் (கண்டென்சரை லைனில் சேர்த்து விடும் சுவிட்ச்) எரிந்தது, மூன்று முறையும் இரண்டாவது ஸ்டெப்தான். முதல் தடவை சாமான் மட்டம் என்றார்கள். இரண்டாவது தடவை விலை கூடின கம்பெனி போட்டார்கள். மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டார்கள்.

"கண்டென்சரைப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்தாச்சு. 82, 82, 81. நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி.

அவர் சொன்னது சரிதான். 10 கே.வி.ஏ.ஆர் (எவ்வளவு ஈடுகட்டும் என்ற அளவு) கண்டென்சர் இரண்டு டெர்மினலுக்கு நடுவில் 82 மைக்ரோஃபாரட் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) காட்டினால் அது புதுசு மாதிரி. கெட்டுப்போயிருந்தது டப்பாவுக்கு உள்ளே இருக்கும் சாமான் இல்லை, டெர்மினலுக்கு மேலே கறுப்பு மூடிக்குள் கிடந்த மூன்று டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர். மூடியைக் கழற்றினால் ரெசிஸ்டரின் கால்கள் பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. கடல் அங்கிருந்து கூப்பிடும் தூரம். ஐஸ் உடைக்கும் தரை எப்போதும் உப்புத் தண்ணீரில் நனைந்து கிடக்கும். அந்தக் காற்றில் வேறு எப்படி இருக்கும்?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கண்டென்சர் இல்லாத தொழில் கிடையாது. சின்னமுட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஐஸ், குலசேகரம் பக்கம் ரப்பர், அங்கங்கே முந்திரி, கயிறு, அரிசி மில். முப்பந்தலில் பழைய காற்றாலைகளின் அடியிலும் கண்டென்சர் வரிசை உண்டு. எல்லா இடத்திலும் கண்டென்சரை அளக்கிறார்கள், ரெசிஸ்டரை யாரும் அளப்பதில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், இந்த மூன்றும் இருந்தால் இரண்டையும் முழுசாகச் சோதித்துவிடலாம். அதைத்தான் எழுதுகிறேன்.

ரெசிஸ்டர் செத்தால் கான்டாக்டர் ஏன் எரிகிறது?

கான்டாக்டர் விடும்போது கண்டென்சரில் எந்த வோல்ட் இருந்ததோ அது அப்படியே தங்கிவிடும். 440 வோல்ட் லைன் என்றால் அலையின் உச்சி 622 வோல்ட். ஏ.சி.யில் ஓடிய சாமான் நிறுத்திய பிறகு டி.சி. பேட்டரி மாதிரி அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சார்ஜை மெதுவாக வடித்துவிடுவதுதான் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரின் வேலை. லேபிளில் பாருங்கள், "3 நிமிடத்தில் 75 வோல்ட்" அல்லது "1 நிமிடத்தில் 50 வோல்ட்" என்று போட்டிருக்கும்.

ரெசிஸ்டர் அறுந்துவிட்டால் சார்ஜ் வடியாது. ஸ்டெப்பைத் தானாகப் போட்டு எடுக்கும் ரிலே கொஞ்ச நேரம் கழித்து அதே ஸ்டெப்பை மறுபடி இழுக்கும். அந்த நொடியில் லைன் எதிர்ப்பக்க உச்சியில் இருந்தால், கான்டாக்டர் பாயின்ட்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் 1200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பாயின்ட் ஒட்டிப்போகாமல் என்ன செய்யும்? ஆளைத் தூக்கிப் போடுவது தனி ஆபத்து. கான்டாக்டருக்கும் கண்டென்சருக்கும் ஆயுள் குறைவது, வெளியே தெரியாமல் தினமும் நடக்கிற நஷ்டம்.

முதலில் கை பத்திரம்

என் டூல் பையில் ஒரு 13 நம்பர் ஸ்பானர் இருக்கிறது. வாயில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் மில்லில் எங்கள் ஆசானோடு போயிருந்தபோது விழுந்தது. மெயினை இறக்கியாச்சு, ஃப்யூஸ் கழற்றியாச்சு. ஆசான் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன், சீரோ. சரி என்று ஸ்பானரைப் போட்டேன். வெடித்த சத்தத்தில் ஆசான் கிளாஸை எறிந்துவிட்டு ஓடி வந்தார். எனக்கு அன்று சாயங்காலம் வரை காதில் வண்டு.

அவர் மீட்டரின் திருகை மட்டும் பார்த்தார். ஏ.சி. 750-ல் இருந்தது.

"நின்னுபோன கண்டென்சர்ல ஏ.சி. எங்கலே இருக்கும்?" என்றார். அவ்வளவுதான் திட்டு.

லைனில் இருக்கும்போது ஏ.சி.யில் அளக்கிறோம், நிறுத்திய பிறகும் திருகை மாற்ற மறந்துபோகிறோம். ஏ.சி. ரேஞ்சில் இருக்கும் மீட்டர், 600 வோல்ட் டி.சி. முன்னாலேயே நின்றாலும் சீரோ காட்டும். கண்டென்சரில் வோல்ட் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது எப்போதும் டி.சி. 1000 வோல்ட் ரேஞ்சில்தான். என் உதவிக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் அந்த ஸ்பானரைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

வேலை இந்த வரிசையில் போகட்டும். பேனலை மேனுவலுக்கு மாற்றி, அந்த ஸ்டெப்பை ஆஃப் செய்து, மெயினை இறக்கி, ஃப்யூஸைக் கழற்றி உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் என்று சொல்வது சும்மா இல்லை, பேனல் மேல் வைத்தால் எவனாவது நல்ல மனசோடு திருப்பிப் போட்டுவிடுவான். மெயினில் பூட்டு, ஒரு அட்டை. அப்புறம் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ரெசிஸ்டர் உயிரோடு இருந்தால் இந்த நேரத்தில் வடிந்திருக்கும். ஆனால் இல்லை என்றே நினைத்துக்கொண்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

மீட்டரை முதலில் ஓடுகிற ஒரு லைனில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு டி.சி.க்கு மாற்றி கண்டென்சரின் மூன்று டெர்மினலையும் ஜோடி ஜோடியாக, ஒவ்வொன்றையும் பாடியோடும் அளந்து பாருங்கள். முடிந்ததும் மறுபடி ஓடுகிற லைனில் வைத்து மீட்டர் நடுவில் சாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். மீட்டரில் போட்டிருக்கும் பாதுகாப்புத் தரம் கேட் 3 (CAT III), 600 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். 1000 என்றால் இன்னும் நல்லது. ஒயர் வெடித்த, பின் ஆடுகிற புரோப்பை பேனல் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

வோல்ட் மிச்சம் இருந்தால் ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 10 கே.வி.ஏ.ஆர் கண்டென்சரில் 622 வோல்ட் நின்றால் ஒரு ஜோடி டெர்மினலில் மட்டும் 16 ஜூல். உருகிய செம்பு கண்ணில் தெறிக்க அது தாராளம். உள்ளே இணைப்பும் கெட்டுப்போகும். நான் வைத்திருப்பது 10 கிலோஓம், 25 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று. ஒரு முழம் பி.வி.சி. குழாய்க்குள் அதை வைத்து, இரண்டு பக்கமும் 1000 வோல்ட் தாங்கும் ஒயர், நுனியில் இன்சுலேட்டட் கிளிப். ஜோடிக்கு ஐந்து நொடி பிடித்தால் 10 கே.வி.ஏ.ஆர் காலி. 25 கே.வி.ஏ.ஆருக்கு பத்துப் பதினைந்து நொடி. மூன்று ஜோடி, பிறகு ஒவ்வொரு டெர்மினலும் பாடியும். பழைய ஆட்கள் இரண்டு குண்டு பல்பை சீரிஸில் போட்டு வடிப்பார்கள். வடியும், தப்பில்லை. ஆனால் பல்பில் ஃபிலமென்ட் அறுந்திருந்தால் எரியாத பல்பைப் பார்த்து "காலி" என்று நம்பிவிடுவோம்.

வடித்த பிறகு மறுபடி டி.சி.யில் அளங்கள். கொஞ்ச நேரம் விட்டால் சில வோல்ட் தானாகத் திரும்பி வரும். மின்கடத்தாப் பொருளுக்குள் ஊறியிருந்த சார்ஜ் அது. அதனால் மூன்று டெர்மினலையும் ஒரு ஒயரால் கட்டிப்போட்டுவிட்டு, அளக்கும்போது மட்டும் அவிழ்ப்பது என் பழக்கம்.

கண்ணும் மூக்கும்

மீட்டர் எடுப்பதற்கு முன்னால் டப்பாவின் தலையைப் பாருங்கள். உருளை டப்பாவின் மேல்பக்கம் உப்பியிருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, பாதுகாப்புக்கு வைத்த இணைப்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். எண்ணெய் வடிந்திருந்தாலும் அப்படித்தான். ரொம்பப் பழைய பெட்டி கண்டென்சரின் எண்ணெயை வெறுங்கையால் தொட வேண்டாம், அந்தக் காலத்து எண்ணெய்களில் சில விஷம். டெர்மினலில் நட்டுக்குக் கீழே நிறம் மாறியிருந்தால் ஒயர் நுனியில் இருக்கும் லக் லூசாக இருந்து சூடாகியிருக்கிறது.

டெர்மினலில் இருந்து மூன்று ஒயரையும் கழற்றிவிடுங்கள். கான்டாக்டர் விட்டுத்தானே இருக்கிறது என்று சோம்பல் படாதீர்கள். மீட்டர் வேறு ஏதாவது காயிலைச் சேர்த்து அளந்து உங்களைச் சுற்றவிடும்.

மைக்ரோஃபாரட் கணக்கு

பையன்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். லேபிளில் கே.வி.ஏ.ஆர் போட்டிருக்கும், மீட்டர் மைக்ரோஃபாரட் காட்டும், இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

மூன்று ஃபேஸ் கண்டென்சருக்குள் மூன்று தனிக் கண்டென்சர் டெல்டாவில், அதாவது முக்கோணமாக, இருக்கின்றன. இரண்டு டெர்மினலில் மீட்டர் வைத்தால் நேராக இருக்கும் ஒன்றும், அதோடு சுற்றி வரும் இரண்டும் சேர்ந்து தெரியும். அதனால் ஒன்றின் அளவைப் போல ஒன்றரை மடங்கு காட்டும். சூத்திரத்தை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு நான் மனதில் வைத்திருப்பது இவ்வளவுதான்: லேபிள் 440 வோல்ட் என்றால் கே.வி.ஏ.ஆரை 8.2-ஆல் பெருக்குங்கள். 415 வோல்ட் என்றால் 9.2. 480 என்றால் 6.9. ரியாக்டர் என்ற காயிலோடு சேர்த்துப் போடும் 525 வோல்ட் கண்டென்சருக்கு 5.8. வருவது டெர்மினலுக்கு டெர்மினல் மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸுக்கு.

அப்படியென்றால் 440 வோல்ட் 5 கே.வி.ஏ.ஆர் 41 காட்ட வேண்டும். 10 என்றால் 82. 25 என்றால் 205. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள்: 200 மைக்ரோஃபாரட் வரைதான் அளக்கும் விலை குறைந்த மீட்டரில் 25 கே.வி.ஏ.ஆர் வைத்தால் ஓ.எல். (அளக்கும் எல்லை தாண்டிவிட்டது) என்று வரும். அதைப் பார்த்து நல்ல கண்டென்சரை ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடை) போட்டவர்களை எனக்குத் தெரியும். மீட்டர் வாங்கும்போதே 2000 வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுக் கண்டென்சர் லேபிளைவிட ஐந்து சதம் குறைவாகவோ பத்து சதம் கூடுதலாகவோ இருக்கலாம். பத்து சதம் குறைந்தால் நான் அடுத்ததை ஆர்டர் போடச் சொல்லிவிடுவேன், இருபது குறைந்தால் அன்றைக்கே கழற்றிவிடுவேன். இப்போது வரும் பாலிபுரோப்பிலின் கண்டென்சரில் எங்காவது ஓட்டை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியிருக்கும் உலோகப் பூச்சு ஆவியாகி, தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஒவ்வொரு ஆறலுக்கும் துளி அளவு குறையும். மெதுவாகக் குறைவது வயசு. திடீரென்று குறைந்தால் வேறு கதை.

அந்த வேறு கதையை மூன்று ஜோடி அளவும் சொல்லிவிடும். 82, 82, 82 வர வேண்டிய இடத்தில் 55, 55, 27 வந்தால் மூன்றில் ஒன்று முழுசாக அறுந்துவிட்டது. 27 எந்த ஜோடியில் வருகிறதோ, அந்த இரண்டு டெர்மினலுக்கு நடுவில் இருப்பதுதான் செத்தது. மூன்று ஜோடியும் ஒன்றும் காட்டவில்லை என்றால் அழுத்தப் பாதுகாப்பு அறுந்திருக்கும். ஒரு ஜோடியை மட்டும் அளந்து முடித்துவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ரெசிஸ்டரை ஓமில் பார்ப்பது

டெர்மினலைக் கட்டிய ஒயரை அவிழ்த்து, மீட்டரை ஓமுக்கு மாற்றி ஒரு ஜோடியில் கிளிப் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். எண் கீழிருந்து மெதுவாக ஏறும். மீட்டரின் சின்ன பேட்டரி கண்டென்சரைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஒன்றரை இரண்டு நிமிடம்கூட ஆகும். ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றால் நிற்கிற எண்தான் ரெசிஸ்டர். நிற்காமல் ஏறிக்கொண்டே போய் ஓ.எல். என்று முடிந்தால் ரெசிஸ்டர் இல்லை. கீழேயே சில ஓமில் ஒட்டிக்கொண்டால் கண்டென்சரே ஷார்ட்.

இங்கேயும் டெல்டா விளையாட்டு உண்டு. ஒவ்வொன்றும் 300 கிலோஓம் உள்ள மூன்று ரெசிஸ்டர் டெல்டாவில் இருந்தால் டெர்மினலில் 200 கிலோஓம் காட்டும், மூன்றில் இரண்டு பங்கு. ரெசிஸ்டரின் உடம்பில் இருக்கும் நிறக் கோடுகளைப் படித்து 300 என்று கண்டுபிடித்தவர், மீட்டரில் 200 வந்ததும் "வேல்யூ இறங்கிப்போச்சு" என்பார். இறங்கவில்லை. ஒரு ரெசிஸ்டர் அறுந்தால் 300, 300, 600 என்று வரும். 600 வந்த ஜோடியில்தான் அறுந்திருக்கிறது. ஆனால் ஒன்று, சில கண்டென்சரில் கம்பெனியிலேயே இரண்டு ரெசிஸ்டர்தான் வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து எண்ணிவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

ஓமில் அளந்து முடித்ததும் கண்டென்சரில் மீட்டர் ஊட்டிய வோல்ட் கொஞ்சம் நிற்கும். அடுத்த ஜோடிக்குப் போகுமுன் ஒயரால் ஒரு தடவை கட்டி அவிழ்த்துவிடுங்கள். இல்லையென்றால் மீட்டர் கன்னாபின்னா என்று காட்டும்.

9 வோல்ட் பேட்டரி வித்தை

ஓமில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். களிம்பு பிடித்த இணைப்பு எண்ணைத் தாவவிட்டுக்கொண்டே இருக்கும், மனசு நிறையாது. நமக்கு வேண்டியது ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்பதைவிட, லேபிளில் சொன்ன நேரத்துக்குள் வடிக்கிறதா என்பதுதானே? அதை 600 வோல்ட் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. வடிகிற வேகம் எந்த வோல்ட்டில் தொடங்கினாலும் ஒரே கணக்கில்தான் இருக்கும்.

மல்டிமீட்டருக்குள் போடும் சதுர 9 வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து ஒரு ஜோடியில் கிளிப் போடுங்கள். அதே ஜோடியில் பேட்டரியை ஐந்து நொடி தொட்டுப் பிடியுங்கள். இந்த வகைக் கண்டென்சருக்கு பிளஸ் மைனஸ் கிடையாது. மீட்டர் 9 காட்டும். பேட்டரியை எடுக்கிற நொடியில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். எண் இறங்கும்: 8, 7, 6... 3.3-க்கு வந்ததும் நிறுத்துங்கள். பேட்டரி புதுசாக இருந்து 9.5-ல் தொடங்கினால் 3.5-ல் நிறுத்துங்கள். தொடங்கியதில் நூற்றுக்கு 37 பங்கு, அதுதான் கணக்கு.

வந்த நொடியை 2.1-ஆல் பெருக்கினால் 440 வோல்ட் லைனின் உச்சியில் இருந்து 75 வோல்ட்டுக்கு இறங்கும் நேரம். 2.5-ஆல் பெருக்கினால் 50 வோல்ட்டுக்கு இறங்கும் நேரம். திருப்பிச் சொன்னால், லேபிளில் 1 நிமிடம் 50 வோல்ட் என்றிருந்தால் பேட்டரிச் சோதனை 24 நொடிக்குள் முடிய வேண்டும். 3 நிமிடம் 75 வோல்ட் என்றால் 85 நொடிக்குள்.

நான் சொன்ன 10 கே.வி.ஏ.ஆர், 300 கிலோஓம் கண்டென்சர் 16 நொடியில் 3.3-க்கு வரும். ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அந்த ஜோடி மட்டும் மூன்று மடங்கு எடுக்கும், 49 நொடி. அங்கேதான் கோளாறு என்று கை காட்டிவிடலாம்.

குளச்சல் ஐஸ் பிளாண்ட்டில் நான் இதை முதலாளி முன்னால் செய்து காட்டினேன். நல்ல ஸ்டெப்பில் பேட்டரியை எடுத்ததும் எண் சறுக்கிக்கொண்டு இறங்கியது, அவரும் வாயால் எண்ணினார். பதினாறு. இரண்டாவது ஸ்டெப்பில் பேட்டரியை எடுத்தேன். 8.9. 8.8. ஒரு நிமிடம் ஆச்சு, இரண்டு நிமிடம் ஆச்சு, 7.8-ல் இருக்கிறது. அந்தக் கொஞ்சமும் மீட்டரே குடித்தது. மீட்டருக்குள் 10 மெகாஓம் இருக்கிறதே, அது.

"அப்ப மூணு கான்டாக்டரும் சும்மாவா மாத்தினோம்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பில் போட வேண்டியிருந்தது.

புது ரெசிஸ்டர் போடும்போது

அந்தக் கம்பெனி ரெசிஸ்டர் பிளாக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வேறு யோசனை வேண்டாம். கிடைக்காத இடத்தில் தனி ரெசிஸ்டர் போடலாம். ஆனால் ஓம் மட்டும் பார்த்து கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டு வருகிறார்கள், அது தப்பு. ரெசிஸ்டருக்கு வாட் மாதிரியே வோல்ட் தாங்கும் எல்லையும் உண்டு. கால் வாட் சாதாரண ரெசிஸ்டர் 250 வோல்ட் வரைக்கும்தான். 440 லைனில் போட்டால் கொஞ்ச நாளில் உள்ளே கோடு விழுந்து அறுந்துபோகும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபள என்று இருக்கும்.

நான் செய்வது ஒரே ஓமில் இரண்டு ரெசிஸ்டரைச் சீரிஸில் போடுவது, இரண்டும் 2 வாட். 10 கே.வி.ஏ.ஆருக்கு 150 கிலோஓம் இரண்டு, ஆக 300. வோல்ட் இரண்டாகப் பங்காகிவிடும், சூடும் ஆளுக்கு அரை வாட்டைத் தாண்டாது. 25 கே.வி.ஏ.ஆருக்கு 68 கிலோஓம் இரண்டு. இப்படி மூன்று ஜோடிக்கும். சால்டர் வைத்துவிட்டு ஸ்லீவ் போட்டு, காலை டெர்மினல் நட்டுக்கு லக்கோடு இறுக்குங்கள், ஒயரைச் சும்மா சுற்றிவிடாதீர்கள். கடலோரம் என்றால் மேலே இன்சுலேட்டிங் வார்னிஷ் ஒரு கோட். மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல் பக்கமெல்லாம் வார்னிஷ் போடாத இணைப்பு இரண்டு மழைக்காலம் தாண்டாது. நமக்கு வருஷத்துக்கு இரண்டு மழை, ஆனியிலும் ஐப்பசியிலும்.

போட்ட பிறகு பேட்டரிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ரிலேயில் ஸ்டெப் திரும்பி வரும் நேரத்தையும் பாருங்கள். கண்டென்சர் வடிய ஒரு நிமிடம் ஆகும் என்றால் ரிலே 20 நொடியில் திரும்ப இழுக்கக் கூடாது. அவசரக்காரர்கள் பவர் ஃபேக்டர் குறைந்தால் வரும் அபராதத்துக்குப் பயந்து அந்த நேரத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள்.

பாடிக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓ.எல். வர வேண்டும். மூன்று டெர்மினலையும் சேர்த்துக் கட்டி, பாடியோடு, இன்சுலேஷன் அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தால் இன்னும் உறுதி. டெர்மினலுக்கு டெர்மினல் மெக்கர் போடாதீர்கள், கண்டென்சர் சார்ஜ் ஆகி உங்களையே திருப்பி அடிக்கும்.

கழற்ற முடியாதபோது

சீசன் நேரத்தில் ஐஸ் பிளாண்ட்டை நிறுத்த யாரும் விடமாட்டார்கள். அப்போது ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர். 440 வோல்ட் 10 கே.வி.ஏ.ஆர் கண்டென்சர் 415 வோல்ட் லைனில் ஒவ்வொரு ஃபேஸிலும் 12.4 ஆம்பியர் இழுக்க வேண்டும். லைன் வோல்ட் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும், 400-ல் 11.9. மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி குறைந்தால் வயசு. 12.4, 7, 7 என்று வந்தால் உள்ளே ஒன்று அறுந்தது. லேபிளைவிடக் கூடுதலாக இழுத்தால் கண்டென்சரைக் குறை சொல்லாதீர்கள், பக்கத்தில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள், ஹார்மோனிக்ஸ், அதாவது லைனின் அலை கலைந்துபோவதன் வேலை அது. இந்த முறையில் ரெசிஸ்டரைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காது. அதற்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

கிணற்று மோட்டார் பெட்டிக்கும் இதே கதைதான், அளவு சின்னது. ஓடும்போது ரன் கண்டென்சர் ஒயரில் கிளாம்ப் போட்டு ஆம்பியரைப் பாருங்கள். கண்டென்சரின் இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள், அது 230-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட். 3.6 ஆம்பியர், 320 வோல்ட் என்றால் 35.8, 36-க்கு நல்லதுதான். கிளம்பும்போது மட்டும் சேரும் ஸ்டார்ட் கண்டென்சரை ஓட்டத்தில் அளக்க நேரம் கிடைக்காது, கழற்றி அளங்கள். அதன் இரண்டு காலுக்கு நடுவில் சால்டர் வைத்த 15 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று பல பெட்டியில் இருக்கும். அது இல்லாத பெட்டியில் மூடியைத் திறந்து கையை விட்டவர்களுக்கு என் ஸ்பானரைக் காட்டத் தேவையில்லை.

அளந்ததை எழுதி வையுங்கள். நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும். நான் டப்பா மேலேயே மார்க்கரில் எழுதிவிடுவேன்: தேதி, மூன்று ஜோடியின் மைக்ரோஃபாரட், மூன்று ஜோடிக்கும் பேட்டரிச் சோதனையில் வந்த நொடி. குளச்சல் பேனலில் இரண்டாவது ஸ்டெப்பில் இப்போது 82, 82, 81, அதற்குக் கீழே 16, 16, 16 என்று இருக்கிறது. போன ஆடியில் போனபோது முதலாளியின் மகன் அதற்குக் கீழே தானே ஒரு வரி எழுதியிருந்தான். 16, 17, 16. பேட்டரி எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இருந்து கழற்றினேன் என்றான். "அதுல ஒண்ணரை வோல்ட் செல்லுல்லாலே போடுவாங்க?" என்றேன். "ஆறு சேத்துக் கட்டுனேன் அண்ணே" என்றான். வீட்டில் ஆறு கடிகாரமும் அன்றைக்கு நின்றுபோயிருக்கிறது.